கெல்டிக் சீட்டுக்கட்டு வாங்குகிறவர்களுக்கு

டாரட் என்பது குறி பார்க்க எடுக்கும் படச் சீட்டுக்கட்டு. அதன் பெட்டியின் மேல் ‘கெல்டிக்’, அதாவது அயர்லாந்துப் பக்கத்துப் பழங்குடிகளின் பாணி, என்று போட்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது சீட்டின் ஓரத்தைத்தான். சிக்குக் கோலம் மாதிரி பின்னிக்கொண்டு போகும் ஒரு பார்டர், நடுவில் எல்லா டாரட்டிலும் வரும் அதே படம். அவ்வளவுதான் என்றால் கீழே வைத்துவிடுவேன். அந்தப் பின்னல் அயர்லாந்துக்கு உரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது உச்சத்தைத் தொட்டது 800 வாக்கில் எழுதப்பட்ட கெல்ஸ் சுவடியில். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் வைத்திருக்கிறார்கள், கிறிஸ்தவத் துறவிகள் எழுதிய நற்செய்தி நூல். கிறிஸ்தவத்துக்கு முந்தைய பேகன் மதத்துக் கட்டு என்று சொல்லி பைபிள் அலங்காரத்தை விற்றால் எப்படி?

‘பழங்கால ட்ரூயிட் டாரட்’ என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். ட்ரூயிட் என்றால் பழைய கெல்டிக் பூசாரி. டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. அதை வைத்துக் குறி சொல்லும் பழக்கம் 1780-களில் பிரான்சில்தான் பரவ ஆரம்பித்தது. எந்த ட்ரூயிடும் டாரட்டைக் கையால் தொட்டதில்லை.

அப்புறம் ஏன் வாங்கினாய் என்றால், கதைக்காக. நாங்கள் இருக்கும் அயர்லாந்தின் நேவன் ஊரிலிருந்து, பழைய அரசர்களின் தாரா மேட்டுக்குக் காரில் பதினைந்து நிமிடம். உரிய அரசன் தொட்டால் அலறும் என்று சொல்லப்படும் லியா ஃபால் கல் அங்கே நிற்கிறது. (நான் தொட்டுப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.) ஐரிஷ் புராணத்தில் தூஹா தே தனான் என்ற தெய்வக் கூட்டம் கொண்டுவந்த நான்கு பொருள்களில் அந்தக் கல்லும் ஒன்று. மற்றவை லூவின் ஈட்டி, நுவாதாவின் வாள், யாரையும் பசியோடு அனுப்பாத தாக்தாவின் கொப்பரை. டாரட்டில் இருக்கும் காசு, கோல், வாள், கிண்ணம் என்ற நான்கு வகையோடு இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். பின்னாளில் யாரோ உட்கார்ந்து பொருத்தியதுதான், ஆனாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் இரண்டு கட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்: ட்ரூயிட்கிராஃப்ட், வைல்ட்வுட். இரண்டுக்கும் படம் வரைந்தவர் வில் வர்த்திங்டன். வைல்ட்வுட் அழகுதான், சந்தேகமில்லை. காடு, வில், அம்பு, கல், ராஜா ராணிக்குப் பதிலாக மிருகங்கள். ஆனால் அது தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. மரணச் சீட்டின் பெயர் ‘பயணம்’, கோபுரச் சீட்டு ‘இடி விழுந்த ஓக் மரம்’. வேறு டாரட் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைப் படிக்க முடியாது. போதாக்குறைக்கு நான்கு வகைகளில் வரும் சின்னச் சீட்டுகளின் அடியில் ஒரு வார்த்தை வேறு அச்சடித்திருக்கிறார்கள். கண் நேரே அங்கேதான் போகிறது, படம் அம்போ. ட்ரூயிட்கிராஃப்ட் அப்படியில்லை. 1909-ல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து லண்டனில் வெளியான, பெரும்பாலான டாரட் புத்தகங்கள் பின்பற்றும் கட்டின் எலும்புக்கூடு அதற்குள் அப்படியே இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

அதிலும் 15-ஆம் சீட்டைப் பாருங்கள். மற்ற கட்டுகளில் சாத்தான் இருக்கும் இடத்தில் இதில் கெர்னுன்னோஸ், மான்கொம்புத் தெய்வம். இந்தப் பெயர் கல்வெட்டோடு கிடைத்தது பாரிஸில், நோத்ர்தாம் பேராலயத்துக்கு அடியில் புதைந்திருந்த ரோமானியர் காலத் தூணில். அதில் கொம்புக்கு ஒன்றாக இரண்டு கழுத்து வளையங்கள் தொங்கும். 1891-ல் டென்மார்க்கில் ஒரு சதுப்பில் கிடைத்த வெள்ளிக் கொப்பரையிலும் இதே சாயலில் ஓர் உருவம், சம்மணம் போட்டு, ஒரு கையில் வளையமும் மறு கையில் ஆட்டுக்கொம்புப் பாம்புமாக, சுற்றிலும் மிருகங்களோடு. மொகஞ்சதாரோ முத்திரையை நினைத்துக்கொண்டீர்கள்தானே? எல்லாரும் நினைக்கிறார்கள். இரண்டையும் இணைக்க ஆதாரம் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எனக்கு முக்கியம் வேறு: ஆசையையும் உடம்பையும் சாத்தான் கணக்கில் எழுதாத கட்டு இது. கடையில் பிரித்துப் பார்க்க விட்டால் இந்த ஒரு சீட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

ஒரு குறை, சீட்டு ரொம்பப் பெரிசு. என் கைக்குக் கலைக்கவே வராது. மேஜையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் துழாவி அள்ளிக்கொள்வேன். இதில் பாதி தலைகீழாகிவிடும். நேராக்கிவிட்டுத்தான் பார்ப்பேன், தலைகீழுக்குத் தனிப் பலன் சொல்வதில்லை. இணையத்தில் பாதி விலைக்கு வரும் கட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகம் இல்லாமல், ஸ்கேன் செய்யச் சொல்லி ஒரு கட்டம் மட்டும் இருந்தால் அநேகமாகத் திருட்டுப் பதிப்பு.

நைட் டியூட்டி முடிந்து வந்து ஒரு சீட்டு எடுப்பேன், தினமும் இல்லை. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் படத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் என்ன, வானிலை எப்படி என்று நோட்டில் எழுதுவேன். என் மனசு எங்கே ஓடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பத்துச் சீட்டுப் பரப்பும் ‘கெல்டிக் சிலுவை’ அக்டோபர் 31, சவ்வின் என்ற பழைய கெல்டிக் பண்டிகை இரவில் மட்டும். அதன் கெல்டிக் பெருமையும் சுமார்தான். பரவலானது 1909 கட்டைத் திட்டமிட்ட ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் விளக்க நூலால். எட்டாவது இடம் வீடும் சுற்றமும், ஒன்பதாவது ஆசையும் பயமும். ஆசைக்கும் பயத்துக்கும் ஒரே சீட்டு! மனிதர் விஷயம் தெரிந்தவர். எனக்கு அந்த இடத்தைத் தாண்டவே நேரமாகும்.

வார்டில் விஷயம் தெரிந்தபின் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நோய், கர்ப்பம், கோர்ட்டு கேஸ் மூன்றுக்கும் பார்க்க மாட்டேன். லண்டனில் இருக்கும் அக்கா, “பெரியவளுக்கு இந்த வருஷம் வரன் அமையுமாடி, ஒரு சீட்டு எடேன்” என்கிறாள். அவளுக்குத் தரகர் நம்பரை அனுப்பியிருக்கிறேன்.