அம்மாச்சியின் கண்ணோரத்தில் ஒரு மீன் வால்

அடுத்த மாதம் ஹாங்காங் போகிறேன். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை அவர் வீட்டிலேயே தங்கிக் கவனித்துக்கொள்ளும் வேலை. அதற்காக அங்கே பேசும் கான்டனீஸ் மொழியைப் படிக்கிறேன். சோறு, தண்ணீர், மருந்து எல்லாம் வாயில் வந்துவிட்டன. இந்த வாரம் முகம். நாள்தோறும் நான் கழுவித் துடைக்கப்போகும் முகத்துக்குரிய சொற்கள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பாம்பன் சின்னப்பாலத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாச்சியை உட்கார வைத்துத்தான் பாடம். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடலில் முங்கிப் பாசி எடுத்தே என் அம்மாவை வளர்த்தவர். அவர் கன்னத்தில் விரலை வைத்தால் மடிப்புக்குள் பதியும்.

சுருக்கத்துக்கு 'ஜவ் மன்'. 'மன்' என்றால் கோடு. குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். உயர்த்திப் பிடித்தால் கொசு என்று பொருளாகிவிடும். ஆறு தொனிகள் உள்ள மொழி, அதனால் ஒவ்வொரு சொல்லையும் இருபது முறையாவது சொல்லிப் பார்க்கிறேன். கண்ணுக்கு 'ஙான்'. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எழுதிப் பழகிய ஙா, இத்தனை காலம் கழித்து ஒரு சொல்லின் முதலெழுத்தாக வந்து நிற்கிறது! கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை 'ஙான் தோய்', கண் பை. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடுகள் 'ஃபாத் லிங் மன்'. ஃபாத் சட்டம், லிங் ஆணை. அம்மாச்சி அதட்டும்போது முதலில் ஆழமாவது அந்த இரண்டு கோடுகள்தாம்.

வயதானவர்களின் தோலில் விழும் கரும்புள்ளிக்கு 'சவ் பான்' என்றொரு பெயர் உண்டு. சவ் என்றால் நீண்ட ஆயுள். இந்தச் சொல்லைப் படித்த அன்று அம்மாச்சியின் புறங்கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். நம்மிடமும் நரை, திரை என்று இருக்கிறது. தோல் சுருக்கத்தைக் குறிக்கும் அந்தத் திரைக்கு அலை என்றும் பொருள்.

கண்ணோரச் சுருக்கத்துக்கு 'யூ மெய் மன்', மீன் வால் கோடு என்றேன்.

"எந்த மீனின் வால்?" என்று கேட்டார் அம்மாச்சி.

புத்தகத்தில் அது இல்லை. கைக்கண்ணாடியை வாங்கி, கண்களை இடுக்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கலவாய்க்கு வால் உருண்டையாக இருக்கும். இது கவட்டையாகப் பிரிகிறது ஆத்தா. பாறை மீன்."

நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.