பையூல்மோனில் ஒரு சிவப்புக் கல்

வடக்கு பிரான்சில் அராஸ் நகரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் எதிர்ப்படும். முதல் உலகப் போரில் மாண்ட பிரிட்டிஷ் படையினருக்கு ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் வெள்ளைக் கற்கள். நாலைந்து தோட்டங்களைச் சுற்றிய பிறகு கண் பழகிவிடுகிறது. உண்மையைச் சொன்னால் சலிப்பும் தட்டுகிறது. தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே மாதிரிக் கல் என்பது 1917-இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. உயர்ந்த கொள்கைதான். ஆனால் அந்த வரிசையில் தனி மனிதன் கரைந்து போகிறான்.

அராஸுக்குத் தென்மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் பையூல்மோன் என்ற சிற்றூரில் மட்டும் காட்சி வேறு. ஊர்ப் பொதுக் கல்லறையின் ஒரு பகுதியில் நிற்கும் ராணுவக் கற்கள் சிவந்த மணற்கல்லில் செதுக்கப்பட்டவை. நிறத்தைப் பார்க்கப் போன நான், ஆல்பர்ட் இங்காம் என்ற பெயருக்கு முன்னால் நின்றுவிட்டேன். மான்செஸ்டர் படைப்பிரிவு, 1916 டிசம்பர் 1. அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான். குடும்பத்தார் தரும் வாசகம் கல்லின் அடியில், மண்ணை ஒட்டி இருக்கும். குந்தி உட்கார்ந்து, செடியின் இலைகளை ஒதுக்கிவிட்டுப் படித்தேன்.

“விடியலில் சுட்டுக் கொல்லப்பட்டவன். முதலில் படையில் சேர்ந்தவர்களுள் ஒருவன். தன் தந்தைக்கு ஏற்ற மகன்.”

சுட்டது அவனுடைய சொந்தப் படை.

தங்குமிடத்துக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். இங்காமும் ஆல்ஃப்ரெட் லாங்ஷாவும் சால்ஃபோர்டில் ரயில்வே எழுத்தர்கள், கூட்டாளிகள். போர் மூண்டதும் சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள். நண்பர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் ஒன்றாகச் சேர்ந்து உருவான படை அது. 1916 ஜூலையில் சோம் போர்முனையில் பெரும் இழப்பைச் சந்தித்தது. அந்த இலையுதிர் காலத்தில் இருவரும் படையை விட்டு ஓடினார்கள். சிவில் உடையில், தியெப் துறைமுகத்தில் ஒரு சுவீடன் கப்பலில் பிடிபட்டார்கள். ஒரே நாளில் இருவருக்கும் தண்டனை நிறைவேறியது. இங்காமுக்கு வயது 24.

வீட்டுக்கு வந்த தகவலோ, காயங்களால் இறந்தான் என்பது. தந்தைக்கு உண்மை பிற்பாடுதான் தெரிந்தது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. மரண தண்டனை பெற்றவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கல் வைத்த ஆணையம், சாவின் காரணத்தைப் பொறிப்பதில்லை. மறைத்துக்கொள்ள எல்லா வசதியும் இருந்தும் அந்த மனிதர் கல்லிலேயே எழுதச் சொன்னார்.

குடும்ப வாசகத்துக்கு ஆணையம் வைத்த வரம்பு 66 எழுத்துகள், சொற்களுக்கு இடையிலான வெற்றிடமும் சேர்த்து. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணமும் கேட்டார்கள். கல்லில் இருக்கும் ஆங்கில வாசகத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: சரியாக 66. மனம் கொதித்து ஒரே மூச்சில் எழுதியதாக இருக்க முடியாது. உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, ஓர் எழுத்துகூட மிச்சம் வைக்காமல் எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2006-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. கூடவே, தீர்ப்பும் தண்டனையும் அதனால் மாறாது என்றும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அரசாங்கத்தின் மன்னிப்புக்குக்கூட ஓர் அடைப்புக்குறி தேவைப்படுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: பாரிஸிலிருந்து அராஸ் வரை ரயில் இருக்கிறது, அதன் பிறகு கார் நல்லது. லாங்ஷாவும், இதே தண்டனை பெற்ற வில்லியம் ஹண்டும், பெஞ்சமின் ஓ’கானலும் இதே இடத்தில்தான் இருக்கிறார்கள். அந்த மூன்று பெயர்களையும் குறித்துக்கொண்டு போங்கள்.