மூன்றாவது முறையாக அதே வெள்ளை

1997-ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், அதாவது ஈகே9. 24-ல் ஒரு பங்கு அளவில், பாகங்களை நாமே பெயிண்ட் அடித்து ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல் கிட். மூன்று வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டு. இன்றைக்கு பாடிக்கு மூன்றாவது தடவையாகப் பெயிண்ட் அடித்தேன்.

முதல் தடவை டப்பாவில் இருந்த பளீர் வெள்ளையை அப்படியே அடித்துவிட்டேன். காய்ந்ததும் பார்த்தால் சமையலறை ஃப்ரிட்ஜ் மாதிரி நிற்கிறது. அப்புறம்தான் நிஜக் காரின் படங்களை உற்றுப் பார்த்தேன். அது பாலாடைச் சாயல் உள்ள வெள்ளை. சாம்பியன்ஷிப் ஒயிட் என்று பெயர். 1965 மெக்சிகோ கிராண்ட் பிரியில் ரிச்சி கின்தர் ஓட்டி, ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றி வாங்கித் தந்த ஆர்ஏ272 ரேஸ் காரின் நிறத்தை ஒட்டி வைத்தது. ஹோண்டாவின் வேகக் கார்களான 1992 என்எஸ்எக்ஸ்-ஆர், 1995 இன்டெக்ரா டைப் ஆர், பிறகு இந்தச் சிவிக் என்று அந்த வெள்ளை இறங்கி வந்திருக்கிறது.

இரண்டாவது தடவை மஞ்சள் கூடிப்போய், டீ கொட்டின வேட்டி நிறம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழற்றினேன். ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது தனிக்கதை. இந்த முறை வெள்ளை பிரைமர், அதன்மேல் 30 சொட்டு வெள்ளைக்கு ஒரே சொட்டு மஞ்சள். சரியாக வந்திருக்கிறது.

கிட்டில் எஞ்சின் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இந்தக் காரில் பேச இருப்பதே அதுதானே! பி16பி, 1,595 சிசி. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ கிடையாது. ஆனாலும் 8,200 ஆர்பிஎம்மில் 185 குதிரைத்திறன். சாதாரண ஓட்டத்தில் எஞ்சினின் வால்வுகளைச் சின்ன கேம்கள், அதாவது சுழலும் தண்டில் இருக்கும் மேடுகள், திறக்கும். வேகம் ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி, கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர்களைச் சேர்த்துப் பூட்ட, நடுவில் இருக்கும் பெரிய கேம் பொறுப்பேற்கும். வால்வு இன்னும் ஆழமாக, அதிக நேரம் திறக்கும். வீடெக் என்கிற மாயம் இவ்வளவுதான். காரை ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை.

இடையில் ஒன்று: 1974-லேயே சிவிக்கில் ஆர்எஸ் என்று ஒரு வேகமான மாடல் இருந்தது. ரேசிங் ஸ்போர்ட் என்று நினைத்தேன், ரோடு செய்லிங்காம்!

சிவப்பு ரெகாரோ சீட்டுகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஹோண்டாவின் சிவப்பு ஹெச் டீக்கால் (ஒட்டுப்படம்) ஒட்டியாயிற்று. மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் பாக்கி. வெளியே மழை; இந்த ஈரக் காற்றில் அடித்தால் மங்கலாகப் பூத்துப்போகும். வெயில் வரட்டும்.