அன்னம்மாள் திருத்தலத்தில் ஒரு நன்றிப் பூசை

ஜூலை மாதம் வந்தால் மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாம் ஊரே மாறிவிடும். 26ஆம் தேதி, மரியாவின் தாயான புனித அன்னம்மாளின் திருநாள். நவநாள் தொடங்கியதிலிருந்தே தீபகற்பத்தின் எல்லா மூலைகளிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக மக்கள் வந்து இறங்குகிறார்கள். சீனர், தமிழர், நம் இந்துக் குடும்பங்கள் என்று எல்லாரும் கையில் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். கோலாலம்பூர் சென்ட்ரலில் இடிஎஸ் மின்ரயில் ஏறினால் நேரே அந்த ஊரிலேயே இறங்கிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் போனேன்.

2002இல் கட்டிய பெரிய ஆலயம் 2019இல் பசிலிக்காவாக, அதாவது திருத்தந்தை தரும் சிறப்பு நிலைக்கு, உயர்த்தப்பட்டது. ஆனால் என் கால் முதலில் போவது 1888இல் கட்டிய பழைய கோவிலுக்குத்தான். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் 1948இல் அறிவித்த அவசரகாலத்தில் இந்த வட்டாரமே ஆபத்தான பகுதியாகி, அந்தக் கோவில் பூட்டிக் கிடந்ததாம். அதன் சுவரில் கை வைத்தால் தாத்தா ஞாபகம் வரும்.

தாத்தா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம்–பர்மா ரயில்பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்தபோது அவருக்கு மலேரியாக் காய்ச்சல். எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் இல்லை. அவரை லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. 1942, 43இல் அந்தத் தண்டவாளத்துக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களின் கதி அதுதான்.

"அன்னம்மாதான் நம்ம குடும்பத்தக் காப்பாத்துனாங்க" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் நான் வளர்ந்தேன், இன்றும் அதை விடவில்லை. ஆனால் இரண்டு வீட்டாரும் மாலையில் ஒன்றாக உட்கார்ந்துதான் ஜெபமாலை சொல்வார்கள் என்பதையும் அதே பாட்டிதான் சொன்னார். அந்த வீட்டு அம்மாவும் இதே அன்னம்மாளைத்தானே கூப்பிட்டிருப்பார்? எங்கள் ஜெபம் ஏறியது, அவர்கள் ஜெபம் ஏறவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. தாத்தா பிழைத்ததால் அப்பா படித்தார். அப்பா படித்ததால் எனக்குக் குளிர்சாதன அறையில் மேசை, நாற்காலி. ஒரு கொசுக்கடியிலிருந்து தொடங்கிய வாழ்வு இது. இதில் என் தகுதி என்று எதைக் காட்டுவது?

சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். "இல்லை" என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். அப்படியானால் கோபுரத்துக்கு வெளியே நின்று தப்பியவர்களும் நல்லவர்கள் என்பதால் தப்பவில்லை. எனக்கு இந்த இடம் முக்கியம். கோவிலில் நின்று "நான் மற்றவர்களைப்போல் இல்லை, உமக்கு நன்றி" என்ற பரிசேயரும் நன்றிதான் சொன்னார். நன்றி சொல்லும்போது கண் பக்கத்து ஆளின் மேல் போய்விட்டால் அந்த நன்றி கெட்டுவிடுகிறது. என்னுடைய பயமெல்லாம் அதுதான்.

மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தார். காற்றில் அவருடைய திரி அணைந்து அணைந்து போக, உள்ளங்கையைக் குவித்து மறைத்தபடியே கேட்டார்: "என்ன வேண்டுதல் தம்பி?"

"நன்றி சொல்ல வந்தேம்மா."

"குடுத்து வெச்சவரு. என் மகனுக்கு டயாலிசிஸ் போகுது. வருஷாவருஷம் வந்து கேக்குறேன்."

அவர் குரலில் பொறாமை துளிகூட இல்லை. மெழுகு விரலில் வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. இத்தனை வருஷம் கேட்டுக் கிடைக்காமலும் திரும்ப வந்து நிற்கும் அந்த விசுவாசத்தின் முன் என் நன்றி மிகச் சின்னது. ஏன் எனக்கு, ஏன் அவர் மகனுக்கு இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. விடை தெரிந்தவர்போல் ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை. மகனுடைய பெயரைக் கேட்டு, கூடவே நின்று ஓர் "அருள் நிறைந்த மரியே" சொன்னேன். சிகிச்சைக்குப் போய்வரும் செலவைப் பற்றியும் பேசினோம். அதில் என்னால் முடிந்தது கொஞ்சம் உண்டு, அதைச் செய்வேன்.

தமிழ்ப் பூசைக்கு முன், யாருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற பூசைக் கருத்தை எழுதிக் கொடுத்தேன். வழக்கமாகத் தாத்தா, பாட்டி பெயர்தான். இந்த முறை அவற்றுக்கு மேலே, ரயில் வேலைக்குப் போன அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். எழுதி வாங்கியவர் நிமிர்ந்து, "சொந்தமா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீடு" என்றேன்.