கூரையைப் பிரிக்கும் முன் இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலை

புயலில் ஓடு பறந்துவிட்டதா? தார்ப்பாய் போடும் முன் படமெடுங்கள்: முழுக் கூரை, ஒவ்வொரு சரிவு, சீலிங்கில் படிந்த ஈரக்கறை. தார்ப்பாய் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடவே கூடாது. உடைந்த விளிம்பு பளிச்சென்று இருந்தால் புதுச் சேதம்; பாசி ஏறியிருந்தால் பழைய விரிசல் என்று கழித்துவிடுவார்கள்.

பாலிசியில் கூரையின் வயதுக்கேற்ற தேய்மானம் கழித்துத் தருகிறார்களா, புதுக் கூரையின் முழுச் செலவா என்று பாருங்கள். கைக்கு வரும் பணத்தில் பெரிய இடி விழுவது இங்கேதான்.

ரிப்பேர் எஸ்டிமேட்டில் பிரிக்கும் கூலி, ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் சட்டம்), நீர்த்தடுப்பு விரிப்பு, சுவரும் கூரையும் சேரும் இடத்துத் தகடு எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். அந்தத் தகடுதான் அடிக்கடி விடுபடும். ஒழுகலும் அங்கேதான் ஆரம்பிக்கும். பிரித்தபின் நனைந்து உப்பிய பலகை தெரிந்தால், படமெடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கூடுதல் தொகை கேட்டு எழுதிவிட்டு, பதில் வந்தபிறகே மூடச் சொல்லுங்கள்.