மூன்றாம் ஆண்டுவரை பொறுக்கலாம்

களியக்காவிளைக்குத் தெற்கே தூத்தூர் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்த எனக்கு, கையால் எறியும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் கால்பந்து என்பது இன்றும் வேடிக்கைதான். ஆனாலும் நியூஜெர்சியில் வேலை பார்க்கும் தங்கை மகனுக்காக, இங்கே ஞாயிறு நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் ஆட்டங்களை விழித்திருந்து பார்க்கிறேன்.

தடுமாறும் இளம் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரை, உடனே மாற்ற வேண்டும் என்பது அவன் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2018 தேர்வில் ஏழாவதாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன், முதல் ஆண்டில் எறிந்த பந்துகளில் 52.8 விழுக்காடே சகவீரர் கையில் சேர்ந்தன; பஃபலோ அணி அதே தலைமைப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த பந்துபிடிப்பாளரையும் கொண்டுவந்தபோது, அது 69.2 ஆயிற்று. அதே தேர்வில் மூன்றாவதாக வந்த சாம் டார்னல்டை, அவன் நேசிக்கும் ஜெட்ஸ் அணி ஓராண்டிலேயே தலைமைப் பயிற்சியாளரை மாற்றிக் குழப்பி, 2021இல் கைகழுவியது. அந்த டார்னல்டே 2024இல் மினசோட்டா அணிக்கு 14 வெற்றிகள் பெற்றுத் தந்தார். (இதைச் சொன்னால் அவன் தொலைபேசியை வைத்துவிடுவான்.)

எல்லாரையும் சுமக்கச் சொல்லவில்லை. தேர்வின் முதல் சுற்றில் எடுத்த வீரரின் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டுவதா என்பதை மூன்று பருவங்கள் முடிந்த பிறகே அணி முடிவு செய்கிறது; அதுவரை, செய்த பிழையையே திரும்பச் செய்கிறாரா, புதிய பிழை செய்கிறாரா என்று கவனித்தால் போதும். திரும்பச் செய்பவரை நானும் விட்டுவிடுவேன்.