பீங்கான் கிண்ணத்தில் கசந்த உப்பு

நம் பள்ளியில் படித்த ‘கலவைகளைப் பிரித்தல்’ பாடம் நினைவிருக்கிறதா, நண்பர்களே? அதில் பாதி நமக்கு வீட்டிலேயே முடிந்திருந்தது. முறத்தில் புடைப்பதும் அரிசியில் கல் அரிப்பதும் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்து வைப்பார்கள். வண்டல் அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் மொள்ளுவோம். புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம். அறிவியல் சார் அதை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டார்.

கடல் தண்ணீருக்கு வந்தபோதுதான் நின்றார். வடிதாளில் ஊற்றினால் மணல் மேலே நிற்கும், உப்பு தண்ணீரோடு இறங்கிவிடும். கரைந்ததை வடிகட்ட முடியாதல்லவா? அதனால் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, சாராய விளக்கில் சொட்டு இல்லாமல் வற்ற வைத்தோம். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு வகைகள் உண்டு என்றார். வெள்ளையாகப் படிந்ததை ஒருவன் விரலில் தொட்டு நக்கிவிட்டு, “கசக்குது சார்” என்றான். உப்பளத்தில் வேலை பார்ப்பவர் மகன் ஒருவன் நம் வகுப்பில் இருந்தானே, அவன் எழுந்தான். “எங்க அய்யா கடைசி வரைக்கும் காயவிட மாட்டாக சார்.”

அந்த வாரமே சார் எங்களை ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கத்து அளத்துக்குக் கூட்டிப்போனார். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளமும் அந்த ஊரில்தான். கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி வருகிறது. வெயிலில் வற்ற வற்ற அடர்த்தி ஏறுகிறது. ஒரு கண்ணாடி மானியை மிதக்கவிட்டு அந்த அடர்த்தியைப் ‘போமே’ என்ற அளவில் டிகிரியாகப் பார்க்கிறார்கள். கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி போமே அளவில் இருக்கும். பதினைந்தை நெருங்கும்போது ஜிப்சம் என்ற கால்சிய உப்பு படியும். வெறுங்காலில் இறங்கிய எங்களுக்கு அது நறுக் நறுக்கென்று குத்தியது. 25 டிகிரி வாக்கில்தான் சோற்றுப்பு. முதலில் மேலே மெல்லிய ஏடாக மிதந்து, கனத்ததும் அடியில் இறங்கும். அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். 29, 30 என்று போனால் மீதித் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். மக்னீசிய உப்புகள் அதில்தான் அதிகம். கிண்ணத்தில் கசந்தது அதுதான்.

ஆக, வகுப்பில் நாங்கள் பிரித்தது தண்ணீரை மட்டும். உப்பிலிருந்து உப்பைப் பிரித்தது அளம். அதுவும் எதை எப்போது நிறுத்துவது என்ற கணக்கை வைத்தே! பரீட்சையில் இதை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் நம்மில் பலர் இப்போது குடிப்பதே கடலிலிருந்து பிரித்த தண்ணீர். அங்கே உப்பு நீர்தான் கழிவு.

பள்ளி ஆய்வகத்துக்கு நம் முன்னாள் மாணவர் சங்கம் சாமான் வாங்கித் தருவதாகக் கேள்விப்பட்டேன். சரி, பட்டியலில் ஒரு போமே மானியையும் சேர்த்துவிடுங்கள், பெரிய விலை இல்லை. அப்புறம், பிள்ளைகளைப் பங்குனி, சித்திரையில் அளத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஐப்பசியில் போனால் மழைத்தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள்.